எண்ணிக்கையில் வராத பிள்ளை

“முதல் பிரசவமா?” என்று ஞானசெல்வி கேட்டபோது, அஜிதா வாயைத் திறப்பதற்குள் அவளுடைய மாமியார் முந்திக்கொண்டாள்.

“ஆமா சிஸ்டர், தலப்பிரசவம். அதுனாலதான் நான் கூடவே வந்தேன்.”

ஞானசெல்வி கிராம சுகாதாரச் செவிலியர். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே கடலோரமாகக் கிடக்கும் அந்தச் சிற்றூர் அவருடைய பொறுப்பில் இருந்தது. துணை சுகாதார நிலையத்தில் அன்று பரிசோதனைக்கு வந்திருந்த கர்ப்பிணிகளில் அஜிதா ஒருத்திதான் புதியவள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. செவிலியர் கேட்டதைக் குறித்துக்கொண்டார். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அஜிதா எழுந்து வெளியே வந்தாள். மாமியார் சொன்னது உண்மையல்ல. அதற்கு முந்திய ஆண்டு அவள் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றிருந்தாள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அதனால் அது எண்ணிக்கையில் வரவில்லை.

அஜிதா முட்டத்துக்காரி. அப்பா யேசுதாசன் முதுகு ஒத்துழைத்தவரை கடலுக்குப் போனார். பிறகு கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுத்தார். அம்மா தேவகனிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தையல் பழகிய அஜிதா, குளச்சலில் ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுத்தாள். தையலில் அவளுக்கு நல்ல பேர் இருந்தது. பேச்சில்தான் அவள் தேறவில்லை. யாரையாவது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வந்தால் சொல்லுக்கு முன்னால் கண்ணீர் வந்து நிற்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே சிறு வயதிலிருந்து எதையும் விழுங்கிப் பழகிவிட்டாள். அவளைப் பெண்பார்க்க வந்தவர்களிடம் தேவகனி இதையே பெருமையாகச் சொன்னாள்: “எனக்க மோளு இருக்குற எடம் தெரியாது.”

2021இல் கல்யாணம். மாப்பிள்ளை ஜெஃப்ரின் தூண்டில் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் திரும்பி வரப் பல வாரங்கள் ஆகும். கரையிலிருந்து கூப்பிட்டால் போனில் கிடைக்கவும் மாட்டான். அவனுடைய படகு கொல்லத்தை அடுத்த நீண்டகரைத் துறைமுகத்தில் வந்து நிற்கும் என்பதால் இருவரும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். சுற்றிலும் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பங்கள்தான். அங்கே அஜிதா முதல் தடவை கருவுற்றாள்.

ஏழாம் மாதம் தொடங்கியபோது அவளுடைய பாதங்கள் வீங்கின. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு, நீர் கோத்தால் நல்லதுதான், ஆண்பிள்ளை, பேறு லேசாக நடக்கும் என்று சொன்னார்கள். தலைவலி வந்தது. தைலம் தேய்த்துப் படுத்தாள். கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெளிச்சங்கள் பறந்தபோது, தையல் வேலை கண்ணைக் கெடுத்துவிட்டது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். எட்டாம் மாதத்தில் ஒரு பகல், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ அவள் உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். இழுப்பு நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். ஜெஃப்ரினின் படகு அப்போது கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது; அவளுக்கு நினைவு திரும்பியிருக்கவில்லை. அவள் கண் விழித்தபோது அடக்கமும் முடிந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் அவளுடைய கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மலையாளத்தை மெல்ல மெல்லப் பேசினார். இதற்குப் பேர் கர்ப்பகால ஜன்னி; இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, கடைசியில் மூளையைத் தாக்குகிறது. வீக்கமும் தலைவலியும் கண்ணில் பறந்த வெளிச்சமும் அதன் முன்னறிவிப்புகள். அடுத்த தடவையும் வரக்கூடும். வந்தால் பிள்ளையோடு அவளும் போகலாம். எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் நாளே இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அஜிதா தலையாட்டினாள்.

வீட்டைக் காலிசெய்து ஜெஃப்ரின் அவளைத் தன் ஊரில் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டான். அம்மா வேளாங்கண்ணி கைம்பெண். காலையில் குளச்சலில் மீன் எடுத்து, டெம்போவில் புதுக்கடைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று ஒரே மகனை வளர்த்தவள். வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் கூடிய பெண்களிடம் அவள் சொன்னது ஒரே வாசகம்: “கலைஞ்சுபோச்சு. எல்லாரும் போய் சோலியப் பாருங்க.”

கலைந்தது என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அதற்கு ஆணா பெண்ணா என்பதில்லை, அடக்கம் இல்லை, ஆண்டுப் பூசை இல்லை. எட்டு மாதம் சுமந்த பிள்ளை அந்த ஒரு சொல்லில் ஊரறிய இல்லாமல் போயிற்று. அதில் வேளாங்கண்ணிக்குக் கள்ளம் எதுவும் கிடையாது. செத்துப் பிறந்ததைப் பேசிக்கொண்டிருந்தால் பின்னால் வருவதற்கும் ஆகாது என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. மருமகளை அவள் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். விலைபோகும் நெத்திலியில் முதல் கை மருமகளுடைய குழம்புக்கு என்று எடுத்து வைத்தாள். பழையதை நினைத்து அஜிதா கண் கலங்கும்போதெல்லாம், “அத விடு மக்கா, நெனச்சா நெஞ்சில தங்கும்” என்று பேச்சை மாற்றினாள். அவ்வளவு பிரியமாக ஒருத்தி வாயைப் பொத்தும்போது அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது என்று அஜிதாவுக்குத் தெரியவில்லை.

ஆகவே இரண்டாம் முறை கருவுற்றபோது, தலைப்பிரசவம் என்று சொன்னது ஒரு நாள் பொய்யாக நிற்கவில்லை. மாதாமாதம் அது பலப்பட்டது. தேவகனியும் அதற்கு உடன்பட்டாள். முதல் பேற்றுக்குத்தான் தாய்வீட்டார் ஏழாம் மாதத்தில் பலகாரத்தோடு வந்து மகளைக் கூட்டிப்போவது வழக்கம். இரண்டாவதென்றால் அழைப்பு கிடையாது. போன தடவை கொல்லத்தில் இருந்ததால் அழைப்பு நடக்கவில்லை. நடக்காததை இப்போது நடத்திவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று இரு தாய்மாருக்கும் தோன்றியது. அந்தப் பிள்ளையை எண்ணினால் இந்த அழைப்புக்கு இடமில்லை. அழைப்பு வேண்டுமானால் அந்தப் பிள்ளை இருந்திருக்கக் கூடாது.

ஜனவரிக் கடைசியில் நடந்த பரிசோதனையில் அழுத்தம் சற்று ஏறியிருந்தது. வேளாங்கண்ணி அன்று சந்தைக்குப் போயிருந்தாள். அஜிதா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் கூடுது மக்கா” என்றார் ஞானசெல்வி. “கருவாடு, ஊறுகாய் எல்லாம் ஒதுக்கி வையி. தல வலிக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

“வீட்டுல யாருக்காவது பிரஷர் உண்டா?”

“இல்ல.”

“அப்ப பயப்படாண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டு.”

சொல்ல வேண்டியது எது என்று அவளுக்குத் தெரியும். அன்று அவளைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் மாமியாருடைய நம்பிக்கையில் பாதி அதற்குள் அவளுக்கும் ஒட்டியிருந்தது. சொன்னால் அந்த ஜன்னி அதைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சம் அது. மருத்துவர் சொன்னதும் மாமியார் சொன்னதும் அவளுக்குள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. அவள் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி நடுவிலேயே வந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் பூவும் புதுச்சேலையுமாக எந்தக் காரியமும் நடத்தமாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் வரை காத்திருக்கலாமென்றால் எட்டாம் மாதம் குறுக்கே வந்து நிற்கும். எட்டில் பெண்ணைக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை. ஏழு பிறந்ததும் பிறக்காததுமாக, சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு பிற்பகலுக்கு அழைப்பு முடிவாயிற்று. ஜெஃப்ரின் கடலில் இருந்தான். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழைப்பு நடக்கும்.

ஞாயிறு காலை எழுந்தபோதே அஜிதாவின் மோதிரம் விரலில் திரும்பவில்லை. புருவத்துக்கு மேலே ஒரு வலி குந்தியிருந்தது. முகம் கழுவித் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். இமைகள் கனத்துக் கிடந்தன. அடுக்களையில் வேளாங்கண்ணி கோழியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாமி, எனக்கு தல வலிக்கு.”

“நேத்து ஒறங்கினியா நீ? பொறப்பாட்டு நெனப்புல எவளுக்குத்தான் ஒறக்கம் வரும். ஒரு கட்டன் காப்பி குடி, மாறும்.”

“அங்க வச்சு வலிச்ச மாதிரி வலிக்கு.”

கத்தி நின்றது. வேளாங்கண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. “இன்னைக்கு அத எடுக்காத மக்கா” என்று கெஞ்சுகிற குரலில் சொன்னாள். கத்தி மீண்டும் நகர்ந்தது.

பிற்பகலில் முட்டத்திலிருந்து வேன் வந்தது. தேவகனி முன்னால் இறங்கினாள். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமுமாகப் பெரிய பாத்திரங்கள் பின்னால் இறங்கின. யேசுதாசன் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடினார். கூடத்தில் பாய் விரித்து அஜிதாவைப் புதுச்சேலையில் உட்கார வைத்தார்கள். ஞானசெல்வி வேளாங்கண்ணியின் அழைப்பை மதித்து, சி.எஸ்.ஐ. கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார். அவரைப் பெண்கள் நடுவில் இடம்விட்டு உட்கார வைத்து, ஒரு தட்டு பலகாரத்தைக் கையில் கொடுத்தார்கள்.

“முந்திரிக்கொத்து கல்லு போல இருக்கே. மைனி, இது எனக்க மருமொவளுக்கா, இல்ல வள்ளத்துக்கு நங்கூரமா?” என்றாள் வேளாங்கண்ணி.

“ஒமக்குப் பல்லு இல்லாததுக்கு நான் என்ன செய்ய மைனி” என்றாள் தேவகனி. கூடம் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ஊர் உபதேசியார் எழுந்து சிலுவை அடையாளம் வரைந்து ஜெபத்தைத் தொடங்கினார். இந்த வீட்டின் தலைப்பிள்ளையை, இவள் வயிற்றின் முதற்கனியை, மாதாவின் கையில் ஒப்படைக்கிறோம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனபோது அஜிதா கண்களை மூடியிருந்தாள். மூடிய இமைக்குள் வெளிச்சங்கள் பறந்தன. கண்ணைத் திறந்தாள். அவை கூடத்துச் சுவரிலும் பறந்தன. கொல்லத்தில் பார்த்த அதே வெளிச்சங்கள். இன்னும் சிறிது நேரத்தில் வேனில் ஏற்றுவார்கள். முட்டத்தில் வேறொரு செவிலியர், அவரும் கேட்பார், அம்மா அதே பதிலைச் சொல்வாள். வயிற்றில் பிள்ளை ஒரு பக்கமாகப் புரண்டது.

“இது முதப்பிள்ள இல்ல” என்றாள் அஜிதா.

உபதேசியார் நிறுத்தினார். பக்கத்திலிருந்தவள் அவளுடைய முழங்கையைத் தொட்டாள்.

“இது எனக்க ரண்டாமத்த பிள்ள. முந்தினது பொட்டப்பிள்ள. கொல்லத்துல வச்சு, எட்டாம் மாசம், ஜன்னி வந்து செத்துப்பிறந்துது.” வழக்கம்போல் கண்ணீர் வந்தது. ஆனால் சொல் நிற்கவில்லை. “சிஸ்டர், அப்ப வந்த மாதிரியே எனக்கு இப்ப வருது. கண்ணுல என்னமோ பறக்கு.”

ஜெஃப்ரினின் அத்தை வாய்மேல் கைவைத்தாள். “நல்ல காரியத்துல பறையுற பேச்சா இது? கொஞ்சமும் கூச்சம் வேண்டாமா ஒருத்திக்கு?”

“ஏட்டி, வாய மூடு” என்றாள் தேவகனி. அவளுடைய முகம் வெளுத்திருந்தது.

ஞானசெல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவவும் நிற்காமல் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே போய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து இரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்தார். பெண்களை விலக்கி அஜிதாவை உள்ளறைக் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். ஒரு தடவை பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் எண் ஒரே உயரத்தில் நின்றது.

“என்னட்ட சொல்லியிருக்கலாமே மக்கா” என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட நோவுதான் அதிகம். பிறகு வாசலில் நின்ற இரு தாய்மாரையும் பார்த்தார். “இப்பவே ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போணும். நான் நூத்தியெட்டைக் கூப்பிடுதேன்.”

“முட்டத்துக்குக் கொண்டு போயிட்டு நாளைக்கு காலைல…” என்று தேவகனி தொடங்கினாள். “வேன் நிக்கிது சிஸ்டர். எல்லாரும் காத்திருக்காங்க. இப்பிடிப் பாதியில விட்டா ஊரு என்ன பேசும்?”

“நாளைக்கு வரை இந்தப் பிரஷர் நிக்குமான்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?”



ஆம்புலன்ஸ் வந்தபோது கூடத்தில் பலகாரப் பாத்திரங்கள் திறந்தபடியே கிடந்தன. கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். தேவகனி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். வேளாங்கண்ணி அவளுடைய தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இரு சம்பந்திகளும் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. இரணியலைத் தாண்டும்போது, உள்ளே இருந்த பணியாளர் ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுப்பதற்காக விவரம் கேட்டார். எத்தனையாவது பிரசவம் என்று கேட்டதும் அஜிதா மாமியாரைப் பார்த்தாள்.

வேளாங்கண்ணி முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “ரண்டாமத்தது” என்றாள். “மொதல்ல ஒரு பொட்டக்கொச்சு. ஜன்னியில போச்சு. இவளும் போயிருப்பா. நான்தான் ஆருட்டயும் சொல்லாத இருந்தது. அதையும் எழுதிக்கோங்க.”

அதை எழுத அவரிடம் இடமில்லை. முதலில் சொன்னதை மட்டும் அவர் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்.

அங்கே எல்லாம் ஆயத்தமாக இருந்தது. இழுப்பு வராமல் தடுக்கும் ஊசி ஏறியபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை தீக்காற்று வீசியதுபோலிருந்தது. வெளிச்சம் குறைந்த, சத்தமில்லாத அறையில் படுக்கவைத்தார்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்பட இன்னொரு ஊசி. மறுநாள் வந்த மருத்துவர் நேராகவே பேசினார். முன்பு நடந்தது மூன்றாம் மாதத்திலேயே தெரிந்திருந்தால் சிறு மாத்திரை ஒன்றைத் தொடங்கியிருப்பார்கள். நோய் வராமல் போயிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வந்தாலும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று எதிர்பார்க்கலாம். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். பிள்ளை உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். அவளுக்கு அது ஆபத்து. இரண்டையும் பார்த்துக்கொண்டே போய், அவளுக்கு முடியாதென்று தோன்றுகிற அன்று பிள்ளையை எடுத்துவிடுவார்கள்.

“பிள்ள பிழைக்குமா டாக்டர்?”

“இன்னைக்கு எடுத்தா கஷ்டம். மூணு வாரம் தாங்கினா எனக்கு நம்பிக்கை இருக்கு. உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு மறைக்காம சொல்லணும். தலைவலி, வயித்துக்கு மேல வலி, எதுவானாலும் உடனே.”

“சொல்லுவேன்” என்றாள் அஜிதா. சொன்னபடியே சொன்னாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு பேசியதில்லை. வலியின் இடம், அளவு, எப்போது தொடங்கியது என்று செவிலியர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். வாயாடி என்று அந்த வார்டில் அவளுக்குப் பேர் வந்தது. அதைக் கேட்ட தேவகனி, “எனக்க மோளா?” என்று நம்பாமல் நின்றாள்.

தவக்காலம் முழுதும் இரு தாய்மாரும் முறைபோட்டு வந்தார்கள். ஒருத்தி வைத்த கஞ்சியில் உப்பில்லை என்று மற்றவள் குறைசொன்னாள். உப்பில்லாமல்தான் வைக்க வேண்டும் என்று செவிலியர் இருவரையும் அடக்கினார். ஒரு பிற்பகல், மருமகளின் வீங்கிய காலைப் பிடித்துவிட்டபடியே வேளாங்கண்ணி தானாகப் பேசினாள்.

“ஜெஃப்ரினுக்கு முந்தி எனக்கும் ரெண்டு போச்சு. அவனுக்க அப்பாவுக்கே ஒண்ணுதான் தெரியும்.”

அஜிதா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்ன பிள்ளைங்க மாமி?”

“பாக்க விடேல்ல. நான் கேக்கவும் இல்ல.” அவள் காலை மாற்றிப் பிடித்தாள். “கேட்டிருக்கலாம். கேக்கணும்னே தோணாத வளத்துட்டாங்க.”

மருத்துவர் கேட்ட மூன்று வாரம் கிடைத்தது. அதற்குமேல் ஒரு வாரமும் கிடைத்தது. மார்ச் நடுவில் ஒரு காலை அஜிதாவின் அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் ஏறியது. வயிற்றின் மேல்பக்கம் அழுத்திப் பிசைகிறது என்று அவள் சொன்னதும் அறுவைக்குக் கொண்டுபோனார்கள். ஆண்பிள்ளை. தேங்காயைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவே. பிறந்ததும் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாயைப் பொருத்தினார்கள். பேறு முடிந்தாலும் ஆபத்து முடிவதில்லை, பிறகும் இழுப்பு வரலாம் என்று சொல்லி அஜிதாவைத் தனியே வைத்துக் கவனித்தார்கள். எழுந்து நடக்க அனுமதி கிடைத்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பிள்ளை இருந்த பிரிவுக்குப் போனாள். உள்ளே விடும்வரை வாசலை விட்டு நகரவில்லை. இந்தப் பிள்ளையின் முகத்தை அவள் பார்த்தாள்.

பால் குடிக்கப் பிள்ளைக்குத் தெம்பில்லை. அவள் பீய்ச்சிக் கொடுத்ததைச் சிறு குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார்கள். மூச்சு சில வேளை நின்றுபோகும். மணி அலறும். செவிலியர் உள்ளங்காலைத் தட்டியதும் மறுபடி மூச்சை இழுக்கும். பிள்ளை இன்னும் அவளுடையதாகவில்லை என்பதை அந்த மணி ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சொல்லிற்று.

ஜெஃப்ரின் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழனன்று வந்தான். வேறொரு படகின் வயர்லெஸ் வழியாகத்தான் அவனுக்குச் செய்தி போயிருந்தது. கரையேறிய கோலத்தில் வெயிலில் கறுத்து, தாடியோடு வந்து நின்றான். கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தான். பிறகு தாய்மார் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“நீ எல்லார் முன்னயும் சொன்னியாமே. அம்மை சொன்னா.”

“சொன்னேன்.”

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூண்டில் நரம்பு அறுத்த காயங்கள் அவற்றில் காய்ந்திருந்தன.

“அவ எப்பிடி இருந்தா?” என்று அஜிதா கேட்டாள். முதல் பிள்ளையைப் பற்றி அவள் அவனிடம் அதுவரை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. கேட்டால் இவள் உடைந்துபோவாள் என்று அவனும், சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று இவளும் இருந்துவிட்டார்கள்.

“முடி நெறைய இருந்துது” என்றான். “கறுப்பா, நனஞ்சு, நெத்தியில ஒட்டிக் கெடந்துது. தாட ஒன்ன மாதிரி. ஒறங்குற மாதிரிதான் இருந்தா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். கனமாத்தான் இருந்தா, அஜி. இவன மாதிரி இல்ல.”

அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கல்லறையில குழி வெட்டுனவரு பேரு கேட்டாரு. பேரு இல்லாத எப்பிடி சிலுவ வைக்கதுன்னு கேட்டாரு. நாம ஒண்ணும் நெனச்சு வைக்கலியே. எனக்கு அப்ப வாயில வந்தது ஜினின்னுதான். சொல்லிட்டேன். மரச் சிலுவையில கரியால எழுதினாரு. இந்த மழைக்கெல்லாம் அழிஞ்சிருக்கும்.”

“ஜினி” என்றாள் அஜிதா. அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று அவளுக்கே விளங்கவில்லை. தானாக இருந்தால் வேறு பேர் வைத்திருப்பாள் என்று மட்டும் தோன்றியது. அதற்காக அவனிடம் கோபப்பட முடியுமா என்று யோசித்தாள். ஒரு பேரைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்கு அந்தப் பிள்ளை இப்போது அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவள் முகத்தை அவன் தோளில் வைத்து அழுதாள். அவனும் அழுதான். அந்த வழியே போனவர்கள், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று எண்ணி மெதுவாக விலகிப் போனார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம் பிள்ளையின் மூக்குக் குழாயை எடுத்தார்கள். செவிலியர் அஜிதாவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையில்லாத பிள்ளையை அவள் மார்போடு தோலுக்குத் தோலாக வைத்து, மேலே துணியால் கட்டினார்.

“இன்னைக்குச் சும்மா வச்சுப் பாரு. குடிக்காட்டி வெசனப்படாண்டாம்.”

பிள்ளை வாயைத் திறந்தது. உதடு காம்பைத் தேடிப் பிடித்தது, விட்டது, மீண்டும் பிடித்தது. கன்னம் ஒரு தடவை குழிந்தது. அஜிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குழிவு இன்னொரு தடவை வந்தது. பிறகு பிள்ளை களைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. அவள் விரல் நுனியால் அதன் உள்ளங்காலை மெல்லச் சுரண்டினாள். அது சிணுங்கிவிட்டு, மறுபடி உறிஞ்சத் தொடங்கியது.